ஊரையே பள்ளிக்கூடத்துக்கு அழைத்து வந்த கல்வி டைரக்டர்
நெ.து.சுந்தரவடிவேலு வாழ்க்கைக் கதை

சென்னை சென்டிரலில் இருந்து அரக்கோணம் செல்லும் ரெயிலில் ஏறினால் வில்லிவாக்கம், அம்பத்தூர், ஆவடி, திருநின்றவூர், திருவள்ளூர் என்று வரிசையாக ஊர்கள் வரும். திருவள்ளூரைத் தாண்டிச் சிறிது தூரம் சென்றால் கடம்பத்தூர்.

1958-ம் ஆண்டு ஜனவரி மாதம் அந்தக் கடம்பத்தூரில் ஒரு மாநாடு நடந்தது. அது அரசியல் மாநாடு அல்ல. அந்த வட்டாரத்துப் பள்ளிக்கூடங்களுக்கு என்ன தேவை என்று பார்த்து, அந்தத் தேவையை ஊர் மக்களே நிறைவேற்றக் கூடிய மாநாடு. பள்ளிச் சீரமைப்பு மாநாடு என்பது அதன் பெயர்.

பள்ளிக்கூடம் என்றால் வாத்தியாருக்கு உரியது, சர்க்காருக்கு உரியது என்று ஒதுங்கி நின்ற மக்கள் அன்று முன்னே வந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் தங்கள் பிள்ளையின் வகுப்புக்கு ஏதோ ஒன்றைக் கொடுத்தார்கள். கடம்பத்தூரில் ஏற்றிய இந்த விளக்கு, பிறகு தமிழ்நாடு முழுவதும் ஊர் ஊராக ஏற்றப்பட்டது.

இதற்குப் பின்னால் நின்று பாடுபட்டவர், அப்போது சென்னை மாநிலத்தின் பொதுக்கல்வி டைரக்டராக இருந்த நெ.து.சுந்தரவடிவேலு.

கிராமத்துப் பையன்

காஞ்சிபுரத்தை அடுத்த நெய்யாடுபாக்கம் என்ற சிற்றூரில் 1912-ம் ஆண்டு அக்டோபர் 12-ந்தேதி பிறந்தார் சுந்தரவடிவேலு. தந்தை பெயர் துரைசாமி. தாயார் சாரதாம்பாள். பெயருக்கு முன்னால் நிற்கும் நெ என்பது ஊரையும், து என்பது தந்தையையும் குறிக்கும்.

அந்தக் காலத்தில் கிராமத்துப் பையன் உயர்நிலைப்பள்ளிப் படிப்பை முடிப்பதே அரிது. கல்லூரிக்குப் போகிறவன் அதனினும் அரிது. சுந்தரவடிவேலு காஞ்சிபுரத்திலும் சென்னையிலும் படித்துப் பட்டம் பெற்றார். தன்னோடு ஊரில் விளையாடிய எத்தனையோ பேருக்குக் கிடைக்காத வாய்ப்பு தனக்குக் கிடைத்ததை அவர் மறக்கவில்லை.

இளம் வயதிலேயே பெரியாரின் சுயமரியாதைக் கருத்துகளில் அவருக்குப் பற்று ஏற்பட்டது. பிறந்த சாதியை வைத்து ஒருவனுக்குப் படிப்பு வரும், ஒருவனுக்கு வராது என்று சொல்வதை அவர் ஏற்கவில்லை. திருமணத்திலும் அந்தக் கொள்கைப்படியே நடந்தார். சாதி பாராமல் காந்தம்மாளைக் கைப்பிடித்தார். காந்தம்மாள், குத்தூசி குருசாமியின் மனைவி குஞ்சிதம் அம்மையாரின் தங்கை. காந்தம்மாளும் கடைசி வரை கணவரின் கல்விப் பணிக்குத் துணையாக இருந்தார்.

இன்ஸ்பெக்டர் கண்ட காட்சி

சுந்தரவடிவேலு கல்வி இலாகாவில் பள்ளி ஆய்வாளராகப் பணியில் சேர்ந்தார். அப்போது நாட்டை ஆண்டது வெள்ளைக்கார அரசாங்கம். பள்ளி இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் ஆசிரியர்களுக்கு நடுக்கம். ஏட்டில் பெயர் இருக்கும்; வகுப்பில் பிள்ளை இருக்காது. எண்ணிக்கை குறைந்தால் பள்ளிக்கு வரும் உதவித்தொகை குறையும். எனவே இன்ஸ்பெக்டர் வரும் நாளில் வீடு வீடாகச் சென்று பிள்ளைகளைத் திரட்டி வருவது பல ஊர்களில் வழக்கம்.

ஏட்டில் இருக்கும் பிள்ளை எங்கே போனான்? மாடு மேய்க்கப் போயிருப்பான். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இருப்பாள். நடவு, களையெடுப்பு, அறுவடை என்று அம்மாவோடு வயலுக்குப் போயிருப்பாள். முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளில் பலர் ஐந்தாம் வகுப்பைப் பார்க்காமலே நின்று விடுவார்கள். இரண்டு வருடம் படித்து நின்ற பிள்ளை, கற்ற எழுத்தையும் சில வருடங்களில் மறந்து விடும். சர்க்கார் செலவு செய்த பணமும் போயிற்று. பிள்ளையின் காலமும் போயிற்று.

பெற்றோரைக் குறை சொல்வது எளிது. ஆனால் அவர்கள் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1951-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்குப்படி, தமிழ்நாட்டில் ஐந்து பேரில் ஏறக்குறைய ஒருவருக்குத்தான் எழுத்தறிவு இருந்தது. பள்ளிக்கூடத்துக்குள் ஒரு நாளும் காலடி வைக்காத தாய் தகப்பனுக்கு, அங்கே என்ன சொல்லித் தருகிறார்கள் என்று எப்படித் தெரியும்? அவர்களைப் பள்ளி அழைத்ததும் இல்லை. பையன் தவறு செய்தால் மட்டும் வாத்தியார் ஆள் அனுப்புவார். வெட்கத்தோடு வாசலில் நின்று கேட்டு விட்டுத் திரும்புவார்கள்.

பிள்ளை என்ன கற்கிறது என்று வீட்டுக்குத் தெரியாத வரை, அந்தப் பிள்ளையைப் பள்ளியில் நிறுத்தி வைக்க முடியாது. இது பிற்காலத்தில் சுந்தரவடிவேலு செய்த எல்லா வேலைகளுக்கும் அடிப்படையாக நின்றது.

காமராஜரோடு சேர்ந்த கை

1953-ம் ஆண்டு முதல்-மந்திரி ராஜாஜி தொடக்கப்பள்ளிகளில் ஒரு புதிய திட்டத்தைக் கொண்டு வந்தார். பிள்ளைகள் பள்ளியில் படிப்பது அரை நாள். மீதி அரை நாள் வீட்டுத் தொழிலைக் கற்க வேண்டும். இருக்கிற கட்டிடத்தையும் ஆசிரியரையும் கொண்டு இரண்டு மடங்கு பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் என்று திட்டத்தை ஆதரித்தவர்கள் கூறினார்கள். அப்பன் தொழிலையே மகன் தலையிலும் கட்டும் குலக்கல்வி இது என்று எதிர்த்தவர்கள் கொதித்தார்கள். மாநிலம் முழுவதும் போராட்டம் நடந்தது.

1954-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் காமராஜர் முதல்-மந்திரி ஆனார். அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. தன் மகன் தன்னைப் போல் மட்டும் இருந்தால் போதாது, தன்னை விட மேலே வரவேண்டும் என்று எளிய பெற்றோரும் விரும்புகிறார்கள் என்பது அந்தப் போராட்டத்தில் தெரிந்தது.

அதே 1954-ம் ஆண்டு சுந்தரவடிவேலு பொதுக்கல்வி டைரக்டர் பதவிக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 42 கூட நிரம்பவில்லை. கல்வி மந்திரியாக இருந்தவர் சி.சுப்பிரமணியம்.

காமராஜர் ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். சுந்தரவடிவேலு பட்டம் பெற்ற அதிகாரி. ஒருவருக்குக் கிராமம் மனப்பாடம். மற்றவருக்குக் கிராமத்தோடு கல்வி இலாகாவும் மனப்பாடம். இரண்டு பேரும் ஒரே ஏரில் பூட்டிய காளைகளைப் போல் இழுத்தார்கள். பள்ளி இல்லாத ஊர்களில் ஓராசிரியர் பள்ளிகள் திறக்கப்பட்டன. தொடக்கப்பள்ளிக்குப் போக எந்தப் பிள்ளையும் ஒரு மைலுக்கு மேல் நடக்கக்கூடாது என்பது குறிக்கோளாக வைக்கப்பட்டது.

1955-ம் ஆண்டு ஜனவரியில் காங்கிரஸ் மகாசபை ஆவடியில் கூடியது. சோஷலிச பாணி சமுதாயம் அமைப்பதே நாட்டின் குறிக்கோள் என்று அங்கே தீர்மானம் நிறைவேறியது. ஏழைப் பிள்ளைக்கு இதனால் என்ன கிடைக்கும் என்ற கேள்விக்கு, சென்னை மாநிலத்தில் விடை சீக்கிரமே வந்தது. அது ஒரு வேளைச் சோறு.

பத்துக் காசுச் சாப்பாடு

பள்ளியில் பிள்ளைகளுக்குச் சோறு போடும் எண்ணம் அதற்கு முன்பே இருந்தது. 1920-ம் ஆண்டு பிட்டி தியாகராயர் தலைவராக இருந்தபோது, சென்னை நகரசபை ஆயிரம்விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி வழங்கியது. அது சில ஆண்டுகளில் நின்று போயிற்று. இப்போது மாநிலம் முழுவதும் கொடுக்க வேண்டும் என்றால் பணத்துக்கு எங்கே போவது?

சுந்தரவடிவேலு ஊர் மக்களை நம்பினார். அரசாங்கம் ஒரு பங்கு தரட்டும், ஊர் ஒரு பங்கு தரட்டும் என்பதே ஏற்பாடு. ஒரு சாப்பாட்டுக்கு 10 காசு செலவு. அதில் 6 காசு அரசாங்கத்துடையது. 4 காசு ஊர் மக்களுடையது. 1956-ம் ஆண்டு, பாரதியார் பிறந்த எட்டயபுரத்தில் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். பின்னர் 1961-ம் ஆண்டு முதல் கேர் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனமும் உணவுப் பொருள் கொடுத்து உதவியது.

நாலு காசு சிறிய தொகைதான். ஆனால் அதைத் திரட்ட ஊரில் ஒரு குழு வேண்டும். குழுவில் நாலு பேர் வேண்டும். அரிசி கொடுப்பவர், விறகு கொடுப்பவர், காய்கறி கொடுப்பவர் என்று பலர் வேண்டும். சமைத்துப் போட ஆள் வேண்டும். இதற்காகப் பள்ளிக்குள் வந்தவர்கள், பள்ளியைப் பார்த்தார்கள்.

கூரை ஒழுகுவதைப் பார்த்தார்கள். கரும்பலகை வெளுத்துப் போயிருப்பதைப் பார்த்தார்கள். பிள்ளைகள் வெறுந்தரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்கள். அதோடு, தங்கள் பிள்ளை எழுந்து நின்று பாடம் வாசிப்பதையும் பார்த்தார்கள். கதவு திறந்து விட்டது. அதை மறுபடி மூடவிடாமல் பார்த்துக்கொள்வதே அடுத்த வேலை.

மாநாடு நடந்த விதம்

அதற்காகப் பிறந்ததுதான் பள்ளிச் சீரமைப்பு இயக்கம். அது நடந்த முறை மிக எளிது.

முதலில் ஒவ்வொரு பள்ளியின் ஆசிரியரும் தமது பள்ளியின் தேவைகளைப் பட்டியல் எழுதுவார். கட்டிடம், சுற்றுச்சுவர், குடிதண்ணீர், பெஞ்சு, கரும்பலகை, கடிகாரம், தேசப்படம், பூகோள உருண்டை, கதைப் புத்தகம், விளையாட்டுச் சாமான் என்று பட்டியல் நீளும். ஒவ்வொன்றுக்கும் எதிரே அதன் விலை இருக்கும்.

பிறகு ஊர் கூடும். பட்டியலை உரக்கப் படிப்பார்கள். படிக்கத் தெரியாதவரும் காதால் கேட்டுத் தெரிந்து கொள்வார். யாரால் எது முடியுமோ அதை ஏற்றுக் கொள்வார்கள். நிலம் உள்ளவர் நிலம் கொடுப்பார். பணம் உள்ளவர் அறை கட்டித் தருவார். ஒன்றும் இல்லாதவர் மண் சுமந்து, சுவருக்கு வெள்ளையடித்து உடல் உழைப்பைக் கொடுப்பார். இரண்டு சிலேட்டும் கொடையே. பத்தாயிரம் ரூபாய்க் கட்டிடமும் கொடையே.

கடைசியில் பல ஊர்ப் பள்ளிகள் சேர்ந்து மாநாடு நடத்தும். சேர்ந்த பொருள்களை எல்லோரும் காணும்படி பரப்பி வைப்பார்கள். ஒரு ஊரைப் பார்த்து அடுத்த ஊருக்கு ரோஷம் வரும். அந்த ஊர்ப் பள்ளிக்குக் கடிகாரம் இருக்கிறதே, நம் ஊர்ப் பள்ளிக்கு இல்லையே என்று பேச்சு எழும். அந்தப் பேச்சு எழுந்து விட்டால் பாதி வேலை முடிந்தது.

கடம்பத்தூருக்குப் பிறகு சில ஆண்டுகளில் இப்படி நூற்றுக்கு மேற்பட்ட மாநாடுகள் நடந்தன. மந்திரிகள் வந்தார்கள். காமராஜரே பல மாநாடுகளுக்குச் சென்றார். கோடிக்கணக்கான ரூபாய் மதிப்புள்ள பொருளும் பணமும் பள்ளிகளுக்கு வந்து சேர்ந்தன. பிள்ளைகளுக்குச் சீருடை கொடுக்கும் வேலையையும் ஊர் மக்கள் ஏற்றார்கள். கிழிந்த சட்டையோடு வரும் பிள்ளைக்கும் நல்ல சட்டையோடு வரும் பிள்ளைக்கும் இருந்த வேற்றுமை மறைந்தது. 1961-ம் ஆண்டு இந்திய அரசாங்கம் சுந்தரவடிவேலுவுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

கொடுத்தவர் கேட்கத் தொடங்கினார்

பணமும் பொருளும் வந்ததோடு இந்த இயக்கத்தின் பயன் முடியவில்லை.

ஒரு தகப்பன் தன் மகன் வகுப்புக்கு ஒரு கரும்பலகை வாங்கித் தந்தால், அதில் என்ன எழுதுகிறார்கள் என்று பார்க்கும் உரிமை தனக்கு உண்டு என்று நினைப்பான். ஒரு தாய் மதிய உணவுக்கு அரிசி கொடுத்தால், மகள் சாப்பிட்டாளா என்று கேட்பாள். அதோடு, இன்றைக்கு என்ன படித்தாய் என்றும் கேட்பாள். கொடுத்தவருக்குக் கேட்கும் துணிவு வருகிறது. கேட்கும் பெற்றோர் இருந்தால் ஆசிரியருக்கும் கவனம் வருகிறது. பிள்ளைக்கும் உற்சாகம் பிறக்கிறது.

பெற்றோர்களைப் பள்ளியோடு இணைக்கும் வேலை மற்ற நாடுகளிலும் நடந்தது. அமெரிக்காவில் 1897-ம் ஆண்டிலேயே வாஷிங்டன் நகரில் தாய்மார்கள் மாநாடு கூட்டினார்கள். அதுவே வளர்ந்து பெற்றோர்-ஆசிரியர் சங்கமாக ஆயிற்று. ஆனால் அங்கே கூடியவர்களில் பெரும்பாலோர் படித்த தாய்மார்கள். சுந்தரவடிவேலு அழைத்தது கைநாட்டு வைக்கும் பெற்றோரை. பாடப் புத்தகத்தை அவர்களிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்ல முடியாது. அவர்கள் கையால் செய்யக்கூடிய ஒரு வேலையைக் கொடுத்து, அதன் வழியாக உள்ளே அழைக்க வேண்டும். அவர் கண்டுபிடித்த வழி அது.

எழுத்தறியாத தாய் தன் மகளின் எழுத்தைத் திருத்த முடியாதுதான். ஆனால் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து வாசிக்கச் சொல்லிக் கேட்க முடியும். தடுமாறாமல் வாசிக்கிறாளா, திக்கித் திக்கி வாசிக்கிறாளா என்பது காதுக்குத் தெரியும். சந்தையில் வாங்கிய சாமானுக்குக் கணக்குப் போடச் சொல்ல முடியும். கணக்கு சரியா என்பது மடியில் மீதி இருக்கும் சில்லறையைப் பார்த்தால் தெரியும். அறுவடை நாளிலும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப முடியும். படிக்காத வீட்டில் இருந்தும் படிப்புக்குக் கிடைக்கக்கூடிய பெரிய உதவிகள் இவை.

எழுந்த குறைகள்

இந்த இயக்கத்தின் மேல் குறை சொன்னவர்களும் உண்டு.

வரி வாங்குகிற அரசாங்கம் பள்ளிக்குக் கரும்பலகை வாங்கித் தர வேண்டாமா, ஏழைகளிடம் கை நீட்டலாமா என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. வசதியான ஊர் தன் பள்ளிக்கு நிறையக் கொடுத்தது. வறட்சியான ஊரால் அவ்வளவு கொடுக்க முடியவில்லை. கொடுக்கிறேன் என்று மேடையில் சொல்லி விட்டு, பிறகு மறந்தவர்களும் இருந்தார்கள்.

மற்றொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஆசிரியர்களின் சம்பளச் சுமையை அரசாங்கம் ஏற்றது. புதிய பள்ளிகளைத் திறந்தது. அதற்கே பணம் போதாத காலம் அது. ஊர் கை கொடுக்காமல் இருந்தால், அந்தத் தலைமுறைப் பிள்ளைகள் ஒழுகும் கூரையின் கீழ்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். கூரை வேயும் வரை பிள்ளையின் வயது காத்திராது.

ஆனால் ஒரு குறை உண்மையாகவே நின்று விட்டது. நன்கொடைக்காகப் பெற்றோரைத் தேடிய பள்ளிகள், நன்கொடை வந்ததும் அவர்களை மறந்தன. கட்டிடம் எழுந்த பிறகு பெற்றோர் மறுபடி வாசலுக்கு வெளியே போனார்கள். அப்படி நடந்த ஊர்களில் சுவர் நின்றது, உறவு நிற்கவில்லை. பெற்றோரிடம் பணம் கேட்பது ஒரு நாள் வேலை. பிள்ளையின் படிப்பைப் பற்றி அவர்களோடு பேசுவது தினம் தினம் செய்ய வேண்டிய வேலை.

1964-ம் ஆண்டு முதல் 1966-ம் ஆண்டு வரை பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழுவும் இதை உணர்ந்தது. பள்ளியும் ஊரும் நெருங்கி வாழ வேண்டும் என்று அந்தக் குழு நாடு முழுமைக்கும் எடுத்துக் கூறியது.

துணைவேந்தர் ஆனார்

நெய்யாடுபாக்கத்துப் பையன் 1969-ம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் ஆனார். அவருக்கு முன் 27 ஆண்டுகள் அந்தப் பதவியில் இருந்தவர் டாக்டர் ஏ.லட்சுமணசாமி முதலியார். அத்தகைய பெரியவர் அமர்ந்த இடத்தில் சுந்தரவடிவேலு 1975-ம் ஆண்டு வரை இருந்தார்.

தொடக்கப்பள்ளிகளில் சேர்ந்த பிள்ளைகள் வளர்ந்து கல்லூரி வாசலுக்கு வந்த காலம் அது. கைநாட்டு வைத்த தகப்பன்மார்களின் பிள்ளைகள் பட்டதாரிகள் ஆனார்கள். அவர்களைச் சிறு பிள்ளைகளாகப் பள்ளியில் நிறுத்தி வைக்கப் பாடுபட்டவரே, அவர்கள் பட்டம் வாங்கும்போது பல்கலைக்கழகத்தின் தலைமையில் இருந்தார்.

ஓய்வு பெற்ற பின் அவர் தமது வாழ்க்கையை நினைவு அலைகள் என்ற நூலாக எழுதினார். ஊர்ப் பள்ளிகளையும், அவற்றுக்காகப் பாடுபட்ட ஆசிரியர்களையும், கொடை கொடுத்த எளியவர்களையும் அறிய விரும்புவோருக்கு அந்த நூல் நல்ல துணை. 1993-ம் ஆண்டு ஏப்ரல் 12-ந்தேதி சுந்தரவடிவேலு காலமானார். அப்போது அவருக்கு வயது 80.

அதே ரெயில் பாதையில்

கடம்பத்தூர் மாநாட்டின் போது அந்த வட்டாரம் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. இன்று அது திருவள்ளூர் மாவட்டம். அன்று வயலாக இருந்த இடங்களில் இன்று வீடுகள் நிறைந்து விட்டன. அம்பத்தூரில் தொழிற்பேட்டை வந்தது. ஆவடியில் பீரங்கி வண்டி செய்யும் தொழிற்சாலை வந்தது. பூந்தமல்லி சாலை நெடுகிலும் கம்பெனிகள் வந்தன.

மாடு மேய்க்கப் போகும் பிள்ளை இப்போது இந்தப் பக்கத்தில் அரிது. ஆனால் பெற்றோருக்கு நேரம் இல்லாத கஷ்டம் புதிதாக வந்திருக்கிறது. தகப்பனுக்கு இரவு ஷிப்டு. தாய்க்குப் பகலில் வேலை. தகப்பன் தூங்கும்போது பிள்ளை பள்ளிக்குப் போகிறது. பிள்ளை திரும்பும்போது தகப்பன் வேலைக்குப் புறப்படுகிறான். வட மாநிலங்களில் இருந்து பிழைக்க வந்த குடும்பங்களும் உண்டு. அந்தப் பிள்ளைகள் பள்ளியில் தமிழ் படிக்கிறார்கள். பெற்றோருக்கோ தமிழ் எழுத்து தெரியாது. அன்று நெய்யாடுபாக்கத்திலும் கடம்பத்தூரிலும் கைநாட்டு வைத்த பெற்றோர் நின்ற அதே இடத்தில் இன்று அவர்கள் நிற்கிறார்கள்.

பெற்றோருக்கு இன்று சட்டத்தின் துணை இருக்கிறது. 2009-ம் ஆண்டு வந்த கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு அமைக்க வேண்டும். அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பேர் அங்கே படிக்கும் பிள்ளைகளின் பெற்றோராக இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். அன்று விரும்பி வந்தவர்கள் மட்டும் வந்தார்கள். இன்று வந்து உட்கார்ந்து கேட்பது பெற்றோரின் உரிமை.

2022-ம் ஆண்டு ஜூன் மாதம் இதே திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கப்பட்டது. எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளும் பிழையில்லாமல் படிக்கவும், எளிய கணக்குகளைப் போடவும் வேண்டும் என்பது அதன் நோக்கம். பிள்ளைகளின் நிலைக்கு ஏற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துப் பாடம் நடத்தினார்கள். என் பிள்ளை அரும்பா, மொட்டா, மலரா என்று ஆசிரியரிடம் கேட்பதற்கு எந்தத் தாய்க்கும் பட்டப்படிப்பு தேவையில்லை.

கடம்பத்தூரில் மக்கள் தாங்களாகவே வந்து பள்ளிக்குள் நுழைந்து 65 ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. அன்று அவர்கள் கையில் சிலேட்டும் கரும்பலகையும் கொண்டு போனார்கள். இன்று அவை எல்லாப் பள்ளிகளிலும் இருக்கின்றன. இன்று பெற்றோர் கொண்டு போக வேண்டியது ஒரு கேள்வி. என் பிள்ளை இந்த மாதம் புதிதாக எதைக் கற்றான் என்று கேட்க வேண்டும். ஆசிரியர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்க வேண்டும். வீட்டுக்கு வந்து பிள்ளையை அதை வாசிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

இரவு ஷிப்டுக்குப் புறப்படும் தகப்பனுக்கும் இதற்குப் பத்து நிமிடம் கிடைக்கும். அந்தப் பத்து நிமிடத்தைக் கொடுக்கிற ஒவ்வொரு வீடும் நெ.து.சுந்தரவடிவேலு தொடங்கிய வேலையைத் தொடர்ந்து செய்கிறது.